லிஃப்ட் குழிக்குள் ஆரஞ்சுக் கோடு

கதை விடுகிறேன் என்று தோன்றினால் இப்போதே எழுந்து போய்விடலாம். கெசியாவை எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். பேய் என்றாலே சிரிக்கிறவள். அவளுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன்.

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் ஒரு பில்டர் ஆபீஸ். பக்கத்திலேயே எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாக வரைவது அவள் வேலை. கதவோ தூணோ, படத்தில் எதைக் கிளிக் செய்தாலும் அதைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு எரியும். சுவருக்குப் பின்னால் இருந்தாலும் கோடு தெரியும்.

அன்று மதியம் 3.10. எல்லாவற்றையும் மொத்தமாக செலக்ட் செய்தாள். 214 பொருள்கள் என்று காட்டியது. அவள் வரைந்தது 213.

தேடினாள். லிஃப்ட் குழிக்கு அடியில், கான்கிரீட்டுக்குள்... ஆரஞ்சுக் கோட்டில் ஓர் ஆள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வலது கையைக் காதில் வைத்துக்கொண்டு. உள்ளே ஒன்றுமில்லை, கோடு மட்டும்தான்.

அழித்தாள். மறுநாள் 3.10க்கு மறுபடியும் 214.

மேனேஜர் சுகுமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகம் வெளுத்துப்போனது.

"டெலீட் பண்ணிட்டு வேலையைப் பாரும்மா. வெள்ளிக்கிழமை கஸ்டமர்ஸ் வர்றாங்க. இது மட்டும் ஸ்கிரீன்ல தெரிஞ்சுது, உனக்கு வேலை இருக்காது."

வெளியே வாசலில் கிளியம்மாள் நின்றிருந்தாள். சைட்டில் கம்பி கட்டும் குப்புராஜின் மனைவி. பன்னிரண்டு நாளாகப் புருஷனைத் தேடி வந்து நிற்கிறாள். எவளோடோ ஓடிவிட்டான் என்று சுகுமார் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"ஓடிப்போவல மேடம். தெனம் டீ டைமுல, கரீட்டா மூணு பத்துக்கு அதுகிட்டருந்து போன் வருது. எடுத்தா பேச மாட்டேங்குது. மூச்சு மட்டும் கேக்குது."

மூணு பத்து... காதில் கை... குழிக்குள் இருப்பது யார் என்று கெசியாவுக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் வந்தது பாருங்கள் ஆத்திரம்! அவள் விடுகிற ஆளா?

வெள்ளிக்கிழமை. ஹாலில் நாற்பது பேர். பெரிய ஸ்கிரீன். கிளியம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன் வரிசையில் உட்கார வைத்தாள்.

3.09. சுகுமார் ஓடிவந்தார்.

"ஆஃப் பண்ணு கெசியா!"

"மாட்டேன் சார்."

"வேலை போயிடும்!"

"போகட்டும்."

3.10. கிளிக்.

ஆரஞ்சுக் கோடு எரிந்தது.

கிளியம்மாளின் போன் அடித்தது...

கோடு மெல்லத் தலையைத் திருப்பியது. முன் வரிசைப் பக்கம்.

"ஐயோ... எங்க வூட்டுக்காரரு!"

சுகுமார் ஒயரைப் பிடுங்கினார்.

ஸ்கிரீன் அணையவில்லை.

அன்று மாலையே கிளியம்மாளோடு அத்தனை பேரும் ஸ்டேஷனுக்குப் போனார்கள். மறுநாள் போலீஸ் குழியை உடைத்தது. அதே இடம். அதே மாதிரி உட்கார்ந்தபடி, காதில் கையோடு. தவறி விழுந்தவனைத் தூக்கக்கூட இல்லை, பாவிகள். வேலை நின்றுவிடும் என்று மேலேயே கான்கிரீட்டை ஊற்றியிருக்கிறார்கள்.

கெசியாவுக்கு வேலை போனது. அந்தப் படத்தை மட்டும் இன்னும் அவள் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டாளாம்.

இன்ஸ்பெக்டர் அப்புறம் ஒன்று சொன்னார். குப்புராஜின் கையில் போனே இல்லை. அது அவன் விழுந்த நாளிலிருந்தே சுகுமாரின் மேஜை டிராயருக்குள் கிடந்திருக்கிறது, சிம்மைக் கழற்றிய நிலையில்.