பச்சைக்குள் ஒரு நீலம்

என் கணவருக்குப் பச்சையும் சிவப்பும் ஒன்றுதான். கல்யாணமான புதிதில் இது எனக்குத் தெரியாது. தக்காளி வாங்கிவரச் சொன்னால் பாதிக்குப் பாதி காயாகக் கொண்டுவந்து வைப்பார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று நான் அந்த ஆளைத் திட்டித் தீர்ப்பேன்.

பிறகு ஒரு நாள் அவரே சொன்னார். ரயில் எஞ்சின் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய சின்ன வயது ஆசை. எழுத்துத் தேர்வில் தேறி, மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாராம். பக்கம் முழுக்க வண்ணப் புள்ளிகள். அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் எண் என்னவென்று சொல்ல வேண்டும். இவருக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. டாக்டர் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம் ரயில்வே ஆபீஸிலேயே மேஜை வேலை, மல்காஜ்கிரியில் சொந்த வீடு, ஓய்வு என்று எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. இருந்தாலும் எப்போதாவது, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அந்த டாக்டர் இன்னொரு தடவ பாருன்னு சொல்லியிருக்கலாம்" என்பார். நூறு தடவை பார்த்தாலும் தெரிந்திருக்காது என்று நான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

நான் பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் செடிப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு சின்னக் கூட்டத்தோடு ஏரிக்கரை, பாறை, புதர் என்று கிளம்பிவிடுவேன். அவரையும் கூப்பிடுவேன். "எனக்கு நக்கோ, வேணாம். பூவப் பாத்து நான் என்ன பண்ணப் போறேன்?" என்று டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரும்பி வந்து போட்டோக்களைக் காட்டினால், தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுப்பார். அது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் ஆளுக்கொரு ஆபீஸுக்கு ஓடினோம். இப்போதாவது சேர்ந்து ஒன்றைப் பார்க்கலாம் என்றால், அவர் தன்னால் முடியாது என்று முடிவு கட்டிவிட்டிருந்தார்.

எங்கள் கூட்டத்தை நடத்துவது மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை செய்யும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண். ராமச்சந்திராபுரம் தாண்டி ஓர் ஏரி, அதன் நடுவே ஒரு பாறைக் குன்று. கோடையில் நடந்தே போகலாம், மழை பெய்து ஏரி நிறைந்தால் தீவாகிவிடும். அங்கே முன்பு யாரோ ஒரு சிறு நீலப் பூவைப் படம் எடுத்திருந்தார்கள். குளிர்ப்பிரதேசத் தோட்டங்களில் மணி மணியாகத் தொங்குமே, அந்த மணிப்பூவுக்குத் தூரத்துச் சொந்தம். இந்தப் பக்கத்தில் அரிது, பாறை இடுக்கில் மழைக்குப் பின் கொஞ்ச நாள்தான் பூக்கும். அதற்கப்புறம் அங்கே யாரும் அதைப் பார்க்கவில்லை.

போவதென்று முடிவானது. கூட்டத்தில் மற்றவர்களுக்கு அன்று வேறு வேலை, வழக்கமாக என்னோடு வரும் தோழிக்குக் காய்ச்சல். பாறை வழுக்கும் என்று அந்தப் பெண் தயங்கினாள். "நீங்க விழுந்தா நா ஒருத்தியா உங்களத் தூக்க முடியுங்களா ஆன்ட்டி?" என்று நேராகவே கேட்டாள். என் உடம்பு வாகு அப்படி. ஆகவே என்னைத் தூக்குவதற்கென்று என் கணவர் வந்தார்.

மீன் பிடிக்கிறவர் ஒருவர் பரிசலில் கொண்டுபோய் விட்டார். வெயில் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும் என்று தெலுங்கில் கறாராகச் சொல்லிவிட்டு நிழலில் படுத்துக்கொண்டார். சரிவெல்லாம் ஈரப் பாசி, இளம்புல், செக்கச்செவேலென்ற தண்டோடு ஏதேதோ பூண்டுகள். நானும் அந்தப் பெண்ணும் முட்டி போட்டுத் தவழ்ந்து தேடினோம். ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு முட்டி வலி, பசி, கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. இவரோ ஒரு பையை வைத்துக்கொண்டு சாவகாசமாகத் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எங்கே குப்பை கிடந்தாலும் அவருக்குக் கை ஊறும்.

"அந்த இடுக்குல நீலமா ஒரு பேனா மூடி கெடக்கு பாரு. அதையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்றார்.

குப்பை பொறுக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன். பாட்டில் பொறுக்கும் சத்தம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார், நீட்டிய கையை மடக்கிக்கொண்டு.

"இது மூடி இல்லம்மா" என்றார்.

நூல் மாதிரி ஒரு தண்டு. அதன் நுனியில் ஐந்து இதழோடு, என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லாத ஒரு நீலப் பூ. அந்தப் பெண் குப்புறப் படுத்துப் படம் எடுத்தாள். அதேதானுங்க ஆன்ட்டி என்று அவள் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அந்த இடத்தை ஏற்கெனவே தடவிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டிப் போயிருந்தேன்.

அதற்குள் அவர் நாலடி தள்ளி நின்று இங்கே ஒன்று, அதோ ஒன்று என்று காட்டத் தொடங்கியிருந்தார். விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அவருக்கே ஆச்சரியம்தான்.

"மத்ததெல்லாம் எனக்கு ஒரே நெறம், ஈரச் சாக்கு மாதிரி. இது மட்டும் தனியா நிக்குது."

பச்சையும் சிவப்பும் சேர்ந்து எங்கள் கண்ணைக் குழப்பியிருந்தன. அவருக்கு அந்தக் குழப்பமே இல்லை. அந்தப் பெண் அடுத்த வாரம் அங்கிள் இல்லாமல் எங்கும் போவதில்லை என்று அங்கேயே அறிவித்தாள். அவர் சிரித்தார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான் நாங்கள்.

பரிசல்காரர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கிளம்புமுன் என் கணவர் என்னைக் கைபிடித்து ஒரு சரிவின் முன்னால் உட்கார வைத்தார். முகத்தில் குறும்பு.

"இங்க எத்தன இருக்கு, சொல்லு."

உற்றுப் பார்த்தேன். புல், பாசி, சிவப்புத் தண்டு. இரண்டு என்றேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. நேரமாகிவிட்டது, எனக்குத் தெரியவில்லை, போகலாம் என்று எழுந்திருக்கப் போனேன். அவர் என் தோளில் கைவைத்து உட்கார்த்திவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவசரமில்ல. இன்னொரு தடவ பாரு" என்றார்.