கண்ணுக்குப் பின்னால் இருந்த இரும்புத் துகள்

முதலில் பிசகியது ஒரு சொல். கேரளத்து விழிஞ்ஞம் துறைமுக வேலையிலிருந்து வந்த என் கணவர் செல்வராஜ், குளிக்கப் போகுமுன் சோப்பைக் கேட்பதற்குப் பதிலாக "குடை எங்க?" என்றார். நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார். இரண்டு வாரம் கழித்து, மகள் ஜெனியின் பெயர் கிடைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நரம்பியல் மருத்துவர் எம்.ஆர்.ஐ ஸ்கேன் (பெரிய காந்தத்தைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் படமெடுப்பது) எடுக்கச் சொன்னார். உலோகம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது எனக்குத் தெரியும். காலையிலேயே அவருடைய மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றினேன். பெல்ட்டை எடுத்து வைத்தேன், கழற்றி மாட்டும் பல்லைக் காகிதத்தில் பொதிந்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு படிவம் கொடுத்தார்கள். பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) உண்டா? எலும்பில் கம்பி உண்டா? கண்ணில் உலோகத் துகள் விழுந்ததுண்டா? அவரால் பதில் சொல்ல முடியவில்லை. நான் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதினேன்.

படிவத்தை வாங்கிய மலையாளப் பெண் கேட்டாள். "சேட்டனுக்கு என்ன ஜோலி, சேச்சி?"

"வெல்டிங். இரும்பு தேய்க்கிற கிரைண்டரும் பிடிப்பாங்க."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்போ கண்ணு எக்ஸ்ரே பார்க்காம உள்ள விட முடியாது சேச்சி. இரும்பு இருந்தா காந்தம் இழுக்கும். கண்ணு போயிடும்."

எக்ஸ்ரேயில் இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. குருணையைவிடச் சிறியது.

அவரோடு வேலை செய்யும் தாசனைப் போனில் அழைத்தேன். என்னை மைனி (அண்ணி) என்றே கூப்பிடும் அவர் சொன்னார். "ஏழெட்டு வருசம் இருக்கும், மைனி. கிரைண்டர்ல இருந்து தெறிச்சுது. தண்ணி ஊத்திக் கழுவினோம். வீட்டுல சொல்லாண்டாம்னு சொன்னான். செவப்பு மாறினதும் போயிட்டுன்னு நெனச்சோம்."

"எங்கிட்ட மெட்ராஸ் ஐன்னுல்லா சொன்னாங்க."

"ஆமா மைனி. நீங்க வேலைக்கு விடமாட்டீங்கன்னு."

எனக்கு அந்த நாட்கள் நினைவு வந்தன. வெந்நீரில் பஞ்சை நனைத்து அவர் கண்ணை ஒற்றிக் கொடுத்திருக்கிறேன். விரலுக்கு இவ்வளவு பக்கத்தில் அது இருந்திருக்கிறது.

கண் மருத்துவர் துகளை எடுக்கலாம் என்றார். ஆனால் புண் ஆறி எம்.ஆர்.ஐ எடுக்க நாளாகும். "அவ்வளவு நாள் நம்மிடம் இல்லை" என்றார் நரம்பியல் மருத்துவர். சி.டி ஸ்கேனும் (எக்ஸ்ரே கதிரால் எடுக்கும் படம்) பயாப்ஸியும் (கட்டியில் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். மூளையில் வேகமாக வளரும் கட்டி. துகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை, எம்.ஆர்.ஐ எடுத்திருந்தாலும் முடிவு இதுதான் என்றார்கள். சில நாட்களில் நான் அதை நம்புகிறேன், சில நாட்களில் இல்லை.

இதே படிவம் உங்கள் கைக்கும் வரலாம். தெரியாத கேள்விக்கு 'இல்லை' என்று எழுதாதீர்கள். 'தெரியாது' என்றே எழுதுங்கள். கூட வேலை செய்தவர்களைக் கேளுங்கள். பழைய காயத்தையும் சொல்லுங்கள். அந்தப் பெண் அன்று கேட்காமல் விட்டிருந்தால் அவருக்குக் கண்ணும் போயிருக்கும்.

அறுவை சிகிச்சையில் கட்டியைப் பாதிதான் எடுக்க முடிந்தது. கதிர்வீச்சும் முடிந்துவிட்டது. இப்போது அவருடைய வலது பக்கம் அசைவதில்லை. பேச்சு முழுக்க நின்றுவிட்டது. துடைத்துவிடும்போது முழங்கையில், விலாவில், நான் அறியாத தழும்புகளைப் பார்க்கிறேன். பத்தொன்பது வருடம் உடன் படுத்த உடம்பு. எங்கே பட்டது என்று கேட்கிறேன். அவர் என் வாயைப் பார்க்கிறார்.

மருந்து கொடுப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதுமாகப் பொழுது போகிறது. கிழமை தெரிவதில்லை.

நேற்று ஜெனி சொன்னாள். "அம்மா, ஜூன்ல காலேஜ் திறக்கும்."

அவர் கண்கள் அவள் பக்கம் திரும்பின. சரி என்றேன். ஜூனில் இந்தக் கட்டில் காலியாக இருக்கும் என்பது மூன்று பேருக்குமே தெரியும்.