சீழ் வராத காயம்

பிரோஷ்காவுக்கு நான்கு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. பெஸ்த் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் அறுவை வார்டைப் பதினெட்டு வருஷமாகக் கட்டி மேய்க்கிறவள் அவள். காயம் கழுவுவதில் பழம் தின்று கொட்டை போட்டவள். எந்தக் கட்டில்காரன் நடந்து வீட்டுக்குப் போவான், எவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்று வாசலில் நின்றே மூக்கால் சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் ஏழாம் கட்டிலை மட்டும் தாண்டிப் போக முடியாமல் நின்று நின்று பார்த்தாள். அதில் கிடந்தவன் அவள் புருஷன் தேனெஷ்.

தன்யூப் ஆற்றில் படகுகள்மேல் மிதக்கும் மாவு ஆலையில் வேலை பார்த்தவன் அவன். இரண்டு படகுகளுக்கு நடுவே கால் நசுங்கி, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டது. அப்படி வந்தால் காலை எடுத்துவிடுவதுதான் வழக்கம். எடுத்தாலும் பாதிப் பேர் பிழைப்பதில்லை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்திருந்த இளம் டாக்டர் ஹலாஸ்தான், காலைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று நின்றார். தார் வாசம் அடிக்கும் கார்பாலிக் மருந்தால் காயத்தைக் கழுவி, அதிலேயே நனைத்த துணியால் கட்டி, தன்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்றார். ஏன் என்று சொல்லவில்லை. தாதிகளிடம் காரணம் சொல்லும் பழக்கம் அங்கே எந்த டாக்டருக்கும் கிடையாது.

பிரோஷ்கா கற்ற பாடமோ வேறு. காயம் என்றால் நாலாம் நாள் சீழ் வந்தாக வேண்டும். நீர்த்து நாறினால் கெட்ட சீழ். பாலாடை மாதிரி வெள்ளையாகக் கெட்டியாக வந்தால் நல்ல சீழ், உடம்பு விஷத்தைத் துப்புகிறது என்று அர்த்தம். கிருமி என்ற பேச்சு இன்னும் பரவாத காலம் அது; தலைமை டாக்டரே மாணவர்களுக்கு அப்படித்தான் பாடம் நடத்துவார். ஐந்தாம் நாள் காலையில் அவள் கட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

ஹலாஸைப் படிக்கட்டில் மறித்தாள். “டாக்டரய்யா, இன்னும் சீழ் வரலையே?”

“வரக் கூடாதும்மா. வராம இருந்தாத்தான் நல்லது. கட்டத் தொட்டுடாதீங்க,” என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிப் போய்விட்டார்.

வரக் கூடாதாம்! நேற்று முளைத்த காளான் சொல்கிறது. ஆயிரம் பேரைக் கொன்றவன்தான் அரை வைத்தியன் என்றால், அந்தக் கணக்கை என் புருஷனை வைத்தா தொடங்க வேண்டும் என்று பொருமினாள்.

தேனெஷோ பன்றிக் கொழுப்பையும் வெங்காயத்தையும் ரொட்டியில் வைத்து வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன புள்ள, என் காலையே மொறச்சுப் பாக்குற? அது எங்கயும் ஓடிப் போவாது.”

“உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. வலிக்குதா?”

“வலியெல்லாம் இல்ல. லேசா அரிக்குது, அவ்வளவுதான்.”

வலி இல்லை என்றதும் அவளுக்குப் பயம் இரட்டிப்பானது. செத்த சதைதானே வலிக்காது?

ஞாயிறு காலை எல்லோரும் தேவாலயப் பூசைக்குப் போன நேரத்தில் ஆளிவிதையைப் பாலில் வேகவைத்துப் பற்றுக் கிளறினாள். கட்டைப் பிரித்தாள். மூன்றாம் கட்டில்காரனின் காயத்தை வழித்த கரண்டியை இடுப்பில் கட்டியிருந்த துணியில் ஒரு துடை துடைத்து, அதாலேயே பற்றைப் பூசினாள். அலசிக் காயவைத்திருந்த பழைய துணியைப் பிய்த்த பஞ்சை மேலே வைத்து, முன்பு இருந்த மாதிரியே கட்டிவிட்டாள். இத்தனையும் செய்தது பிரியத்தில்தான்.

செவ்வாய்க்கிழமை சீழ் வந்தது. வெள்ளையாக, கெட்டியாக வந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “வந்துடுச்சுங்க, இனிமே பயமில்ல,” என்று அவன் நெற்றியில் முத்தமிட்டாள். அன்று சாயங்காலம் அவனுக்குக் குளிர் எடுத்தது. மறுநாள் கட்டிலே ஆடும்படி உடம்பு தூக்கிப் போட்டது. கட்டைப் பிரித்த ஹலாஸ் ஆளிவிதை வாசத்தை முகர்ந்து, யார் தொட்டது என்று கேட்டார். அவள் அழுக்குத் துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள். காலை எடுத்தும் பயனில்லை. சனிக்கிழமை தேனெஷ் அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டான்.

எட்டாம் கட்டிலில் ஒரு கல்தச்சன் இருந்தான். தேனெஷ் வந்த அதே நாளில், அதே மாதிரி உடைந்த காலோடு வந்து, அதே மருந்தால் கட்டப்பட்டவன். புருஷனைப் புதைத்துவிட்டு வேலைக்கு வந்த பிரோஷ்கா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஹலாஸ் அவன் கட்டைப் பிரித்தார். சீழ் ஒரு பொட்டுக்கூட இல்லை. காயம் மூடிக்கொண்டிருந்தது. தச்சன் கால்விரலை ஆட்டிக் காட்டிச் சிரித்தான். அவள் பக்கத்திலிருந்த ஏழாம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இனி அவளுக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்நேரம் தலைமை டாக்டர் மாணவர்களோடு உள்ளே வந்தார். ஏழாம் கட்டில்காரனைக் கொன்றது இந்தத் தார்த் தண்ணீர்தான், பாட்டில்களை எல்லாம் வெளியே எடுங்கள் என்றார். ஹலாஸ் தலைகுனிந்து நின்றார்.

“அவரு மருந்து கொல்லலைங்கய்யா,” என்றாள் பிரோஷ்கா. “நான்தான் கட்டப் பிரிச்சேன். ஆளிவிதைப் பத்து போட்டேன்.”

தலைமை டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“சீழ் வந்துச்சா?”

“வந்துச்சுங்கய்யா. வெள்ளையா, கெட்டியா.”

“நாத்தம்?”

“இல்லைங்கய்யா.”

அவர் மாணவர்கள் பக்கம் திரும்பி, படித்தவனுக்கு இல்லாத புத்தி இந்தத் தாதிக்கு இருந்திருக்கிறது, கொஞ்சம் முந்திச் செய்திருந்தால் ஆள் பிழைத்திருப்பான் என்றார். பிறகு அவள் தோளைத் தட்டினார்.

“நீ செஞ்சதுதாம்மா சரி.”

அந்த வாயிலிருந்து ஒரு தாதிக்குப் பாராட்டு வந்து அதுவரை யாரும் கேட்டதில்லை. மற்றத் தாதிகள் அவளைப் பொறாமையோடு பார்த்தார்கள்.