மூடுபனியில் ஒரு படம்

காற்றடித்து நிறுத்தும் பெரிய திரையை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்த் திறந்தவெளியில் படம் போடுவது என் தொழில். இந்த வருஷம் போடி, சிலமலை என்று எங்கே போனாலும் ஒரே படத்தைத்தான் கேட்டார்கள். எங்கே போட்டாலும் காற்றுதான் எனக்கு எதிரி. திரையைக் கவிழ்த்துவிடும்.

போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் காற்றே இல்லை. கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டு மிதப்பாக நின்றேன். திரை உப்பி எழுந்ததும் தோட்டத்து ஜனம் கைதட்டியது.

அதே படம்தான்; தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கிவிட்டது. புரொஜெக்டர் வெளிச்சம் பாதி வழியிலேயே வெள்ளையாகக் கரைந்தது. திரை இருந்த இடமே தெரியவில்லை. வசனம் மட்டும் கேட்டது. சனியன், பனியை எந்தக் கயிற்றால் கட்டுவது? லென்சைத் துடைத்துத் துடைத்து எரிச்சல்தான் மிச்சம்.

முன்வரிசையில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து வந்து, ஸ்பீக்கர் மேல் இருந்த மைக்கை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“மஞ்சுல ஒண்ணும் தெரியலண்ணே. யாரு என்ன செய்றாகன்னு நீங்களே சொல்லுங்க. எத்தனை தடவை பாத்திருப்பீக!”

எல்லா ஊரிலும் படம் ஓடும்போது நான் பார்த்தது கயிற்றையும் காற்றடிக்கும் மோட்டாரையும்தான். மைக்கில் படத்தின் பெயரைச் சொன்னேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.