செத்தவளுடைய அம்மா

எதிர் ஃப்ளாட் மாமிக்குத் தொலைக்காட்சியில் வேஷம் கிடைத்தபோது எனக்கு வயிறு எரிந்தது. இதற்கு நாகரிகமான வார்த்தை தேடிப் பயனில்லை. மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் அந்தத் துப்பறியும் தொடரை ஒரு நாள் விடாமல் பார்ப்பவள் நான்தான். இரண்டாவது விளம்பரத்துக்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவேன். மாமியோ பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர், கொலை என்றாலே டீவியை அணைப்பவர். அவரைக் கோயில் வாசலில் பார்த்த யாரோ, செத்தவளுடைய அம்மாவுக்கு இந்த முகம் பொருத்தம் என்று கூட்டிப்போனார்கள்.

ஒத்திகை எங்கள் ஹாலில் நடந்தது. சோபா குஷன்தான் மகளின் பிணம். அதைப் பார்த்ததும் மாமி மார்பில் அடித்துக்கொண்டு தொப்பென்று தரையில் விழுவார். எழுந்து, “எப்படிடீ இருந்தது?” என்பார். பிரமாதம் மாமி என்பேன்.

ஒரே ஒரு எபிசோடுதான். பார்த்தவர்கள் நல்லபடியாக எழுதினால் கோர்ட் காட்சிகளுக்கும் கூப்பிடுவோம் என்று தொடரின் மேனேஜர் சொல்லியிருந்தார். அதை நம்பி மாமி இரண்டு புதுப் புடவை வாங்கி ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார். குளத்தோரக் காய்கறிக்காரம்மா வரைக்கும் கோர்ட் சீன் விஷயம் போய்விட்டது.

எபிசோடு வந்த வாரம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து. டீவி, போன் எதையும் பார்க்கக் கூடாது.

“ஜனங்க என்ன எழுதியிருக்கான்னு நீதான் வாசிச்சுச் சொல்லணும்,” என்றார்.

நான் எபிசோடு தொடங்கும் முன்பே என் கருத்தை எழுதி வைத்துவிட்டேன். பொய்ப் பெயர், ரோஜாப்பூப் படம். ‘அந்த அம்மா மார்பில் அடித்துக்கொண்டு மூட்டை மாதிரி விழுகிறார். பிணமாக நடித்த பெண்ணே தேவலை. தயவுசெய்து மறுபடி கூப்பிடாதீர்கள்.’ மாமியின் காட்சி வந்தபோது அடுக்களையில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அழுகை மட்டும் காதில் விழுந்தது. திரும்பி வந்து, சேனலின் இணையப் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டேன்.

மறுநாள் மாமி வீட்டில் உட்கார்ந்து கமெண்டுகளை வாசித்தேன். கொலை செய்தது தம்பிதான் என்று பாதிப் பேர், இன்ஸ்பெக்டருக்கு ஒட்டு மீசை என்று சிலர். நடுவில் என்னுடையது வந்தது. தாண்டிப் போயிருக்கலாம். ஆனால் மாமியின் முகம் எப்படிப் போகிறது என்று எனக்குப் பார்க்க வேண்டும். ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

மாமி கறுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“விழுந்தேன்னு எழுதியிருக்கா?”

“ஆமாம் மாமி.”

“டைரக்டர் என்னை விழவே விடலையேடி. நின்னுண்டே அழுங்கோன்னுட்டார். நான் விழுந்தது உங்காத்து ஹால்ல மட்டும்தான்.”

கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. எனக்குக் காது சுட்டது. அப்போதும் வருத்தமாக இல்லை, இப்படி முட்டாள்தனமாக மாட்டிக்கொண்டோமே என்றுதான் இருந்தது.

“மேலே வாசி,” என்றார். மீதி எல்லாவற்றையும் வாசித்து முடித்தேன். அன்று காபி தரவில்லை.

இரண்டு நாள் கழித்து மேனேஜரே போன் செய்திருக்கிறார். கண் சரியில்லை, வர மாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டாராம், வாட்ச்மேன் சொன்னார். என்னிடம் பேச்சு இல்லை. நான் லிஃப்டில் நின்றால் அவர் படியேறிப் போகிறார்.

அடுத்த வாரம் கோர்ட் காட்சியில் வேறொரு அம்மா வந்தாள். கூண்டைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சேனல் பக்கத்தில் யாரோ எழுதியிருந்தார்: ‘முன்ன வந்த அம்மா இன்னா ஆச்சு? நின்னுக்கினே அயுதுச்சே, எங்க வூட்ல அல்லாரும் அயுதுட்டோம். அத்தயே திரும்ப இட்டுக்கினு வாங்க.’ அதற்குக் கீழே அதையே கேட்டு வரிசையாக ஆட்கள்.

எல்லாவற்றையும் படித்தேன். எதிர்க் கதவைத் தட்டி இதை வாசித்துக் காட்ட இரண்டு நிமிடம் போதும். நான் போகவில்லை. சொன்னால் மாமி மறுபடி நடிக்கப் போய்விடுவார்.