போகாமலே ஒரு 'கோ'

இன்று நாகூர் பேருந்தில் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். என் கையிலிருந்த ஆங்கில நாவலைப் பார்த்துவிட்டுத் தன் இலக்கணப் புத்தகத்தை நீட்டினாள்.

"அக்கா, 'கோ வித்'னா கூடப் போறது. அப்ப 'கோ வித்தவுட்'னா தனியாப் போறதுதானே?"

"இல்லம்மா. ஒண்ணு இல்லாமலே இருந்துக்கறது."

"எங்கயும் போக வேணாமா?"

"வேணாம். இருந்த எடத்துலயே இருக்கலாம்."

"நல்லா வச்சாங்க அர்த்தம்! ஒரு உதாரணம் சொல்லுங்கக்கா."

என் ஒரே தோழி போன மாதம் பிரான்சுக்குக் குடும்பத்தோடு போய்விட்டாள். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால், "டீ இல்லாம இருக்கறது" என்றேன்.

"அய்யோ, அது எப்படிக்கா முடியும்?"

"பழகிடும்."

பழகுமா? அனுபவப்பட்டவர்கள் கீழே எழுதுங்கள். டீயைப் பற்றிக் கேட்கவில்லை.