எதிர்க் கம்பெனிக்கு நான் கொடுத்த ஆள்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிப் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவுக்கு நான் பொறுப்பு. பொறுப்பு என்றால் பாதி வேலை ஆள் பிடிப்பதுதான். போன வருஷம் என்னிடமிருந்த நல்ல எஞ்சினியர் ரோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள எதிர்க் கம்பெனிக்குத் தாவிவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் தேடி நாக்குத் தள்ளிவிட்டது. கல்யாணப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரரிடம் என்ன படித்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வெட்கமே கிடையாது.

படித்தவர்களுக்கா பஞ்சம்? எங்களிடம் வேலை பழகுவார்கள், சிங்கப்பூருக்குப் பறந்துவிடுவார்கள். யாரைக் குறை சொல்ல, என் வீட்டுக்காரரே அங்கேதான், அதே சோதனை வேலையில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். ஞாயிறு சாயங்காலம் விமான நிலையத்தில் இறக்கிவிட்டு, அழுதுவிடக் கூடாதென்று ரேடியோவை அலறவிட்டுக்கொண்டு திரும்புவேன்.

ஒரு ஞாயிறு காரில் அவரே சொன்னார்: "போதும்லா. சம்பளம் கொறஞ்சாலும் பரவால்ல. இங்க வேலை கெடச்சா வந்துடுறேன்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் காலி இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த ஆள்! மறுநாள் காலையிலேயே மேலாளரிடம் ஓடினேன். பெண்சாதிக்குக் கீழே புருஷன் வேலை செய்யக் கூடாது, கம்பெனி விதி என்றார். நல்ல விதி, போங்கள்!

மத்தியானம் நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையில் எனக்கு முன்னால் எதிர்க் கம்பெனி அண்ணன். என் எஞ்சினியரைக் கொத்திக்கொண்டு போன அதே புண்ணியவான். அவர் கண்ணில் படாமலிருக்க எங்கள் ஆட்கள் பேட்ஜைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் அந்தக் கடைக்கே வருவார்கள்.

"என்ன தங்கச்சி, ஆள் கெடச்சாச்சா? எனக்கு இன்னும் ஒருத்தர் வேணும்லா."

இன்னொருவரையும் இந்த மனுஷனுக்கு என் கையாலேயே தூக்கிக் கொடுப்பதா? ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ ஞாபகம் வந்துவிட்டது.

"சிங்கப்பூர்ல ஒருத்தர் இருக்காரு அண்ணே. கெட்டிக்காரரு. சம்பளம் நீங்க பேசிக்குங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அனுப்பிடணும், அதான் கண்டிஷன்."

"யாரும்மா அது?"

"எங்க வீட்டுக்காரரு."

கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார் அண்ணன். அன்றைய என் சாப்பாடு அவர் கணக்கில்.

இப்போது காலையில் நானும் வீட்டுக்காரரும் ஒரே காரில் போகிறோம். அவரை எதிர் வாசலில் இறக்கிவிட்டு என் வாசலுக்குத் திரும்புகிறேன். என் பிரிவில் அந்த நாற்காலி இன்னும் காலி. அவர்களுக்கு மட்டும் எப்படி ஆள் கிடைக்கிறதென்று மேலாளர் நேற்றுக்கூடப் புலம்பினார். நானும் கூடச் சேர்ந்து உச்சுக்கொட்டினேன்.

ஞாயிறு சாயங்காலமானால் மட்டும் பழக்கதோஷத்தில் கை கார் சாவியை எடுத்துவிடுகிறது.

"எங்க கெளம்பிட்ட?" என்கிறார் சோபாவிலிருந்து.